சிவப்பு மை

தத்தாவீன் நகரத்து மகளிர் பள்ளியில் நட்சத்திரங்களின் வாழ்வும் சாவும்தான் அன்றைய பாடம். மேலிடம் அனுப்பிய படத்தில் சிவப்பு நட்சத்திரத்துக்குக் கீழே ‘மிகச் சூடு’ என்றும், நீலத்துக்குக் கீழே ‘குளிர்’ என்றும் அச்சாகியிருந்தது. மப்ரூக்கா டீச்சர் இரண்டையும் அடித்து மாற்றி எழுதியிருந்தாள். பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி லமீனுக்கு அது கண்ணை உறுத்தியது.

“குழாயில சிவப்புன்னா வெந்நீர், நீலம்னா பச்சத்தண்ணி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! அச்சடிச்சதுல கைவைக்க நீங்க யாரும்மா?”

“குழாய்க்குப் பெயிண்ட் அடிச்சது மனுஷன், லமீன் சார். வயசாகி ஊதிப்போற நட்சத்திரம் மேல்பக்கம் ஆறித்தான் சிவக்குது.”

“பரீட்சையில படத்துல உள்ளதுதான் விடை. அதையே நடத்துங்க.”

மப்ரூக்கா விடுவிடுவென்று வெளியே போனாள். லமீனுக்காகத் தேநீர் காய்ந்துகொண்டிருந்த கரி அடுப்பைக் கெண்டியோடு தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள். ஓலை விசிறியால் ஓங்கி விசிறினாள். சிவந்து கிடந்த கரி ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெளுக்கத் தொடங்கியது.

“சொல்லுங்க, சூடு ஏறுதா இறங்குதா?”

அவர் வாய் திறக்குமுன் தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“உங்க மேல புகார் எழுதுறேன்!” என்று லமீன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார்.

“தாராளமா எழுதுங்க” என்றாள் மப்ரூக்கா, விசிறுவதை நிறுத்தாமல். “ஆனா சிவப்புல வேணாம். சூடு பத்தாது.”