ஆதிமூலம் திரும்ப வருவாரா?

1.

இந்தக் கதை எனக்கு வந்த வழி கொஞ்சம் மானக்கேடானது. நெல்லித்தோப்பில் என் பக்கத்து வீட்டு ஹேமலதா, டாக்டர்களுக்குத் தேர்வு நடத்தும் ஒரு வாரியத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "சார், நீங்க சும்மாதானே இருக்கீங்க? ஒரு நாளு நோயாளியா நடிச்சுக் குடுங்களேன்" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்துச் சும்மாதானே இருக்கீங்க என்கிறாள்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் என்னதான் நடக்கிறது என்று பார்க்கிற ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. போனேன்.

விஷயம் இதுதான். வருஷக்கணக்கில் இங்கிலீஷ் மருத்துவம் பார்த்த டாக்டர்கள், சித்தா, யோகா, உணவு எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பார்க்கப் படிக்கிறார்கள். பெயர் ஒருங்கிணைந்த மருத்துவம். படித்து முடித்ததும் வாரியத் தேர்வு. அதில் ஒரு பொய் நோயாளியை எதிரே உட்காரவைத்து, விசாரிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பொய் நான்.

2.

தொடக்கங்கள்:

டாக்டர் ஜோசெத் கடற்கரைச் சாலையில் அலைகளைப் பார்த்தபடி, தன் தோல்வியை— (வேண்டாம். புதுச்சேரி என்றாலே கடற்கரையில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? தேர்வில் என்னை விசாரிக்க வந்த அந்த அம்மாள் முத்தியால்பேட்டையில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பவர்.)

மனித உடல் என்பது கிழக்கும் மேற்கும் சந்திக்கும்— (ஐயோ. இது ஆண்டு விழா மலருக்கு எழுதும் வாழ்த்துரை.)

நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது என் பெயர் ஆதிமூலம்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3.

எனக்குக் கொடுத்த வேஷம்: ஆதிமூலம். சேதராப்பட்டு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சர்க்கரை நோய்க்கு ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் தலை சுற்றுகிறது. அவர் சொல்லாமல் மறைப்பது, ஒரு வைத்தியர் கொடுத்த கசப்புச் சூரணத்தையும் வெறும் வயிற்றில் விழுங்குகிறார் என்பதை. மாத்திரையும் சூரணமும் சேர்ந்து சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடுகின்றன.*

சாதாரணமாகக் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். பயமில்லாமல் சொல்லலாம் என்று தோன்றினால் மட்டும் சொல்லலாம். அவ்வளவுதான் விதி.

(* இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் ஊரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் வைத்தியரை மறைப்பார்கள், வைத்தியரிடம் ஆஸ்பத்திரியை மறைப்பார்கள். இரண்டு இடத்திலும் நல்ல பெயர் வேண்டுமே.)

நான் சும்மா இருந்திருக்கலாம். கை அரித்தது. ஆதிமூலத்துக்குச் சின்னப்பாப்பா என்று ஒரு மனைவியைக் கொடுத்தேன். முன்பொரு டாக்டர், வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும், "நாட்டு மருந்து திங்கறவ இங்க எதுக்கு வர்ற?" என்று அவளைக் கேட்டதாகவும், அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்ததாகவும் எழுதிக்கொண்டேன். வாரியம் கொடுத்த காகிதத்தில் இதெல்லாம் கிடையாது. ஆதிமூலத்துக்கு உயிர் வந்துவிட்டது. அந்த உயிர்தான் பிறகு என் பேச்சைக் கேட்கவில்லை.

4.

உள்ளே போகுமுன் ஹேமலதா காதோரம் சொன்னாள். டாக்டர் ஜோசெத் போன தடவை இதே தேர்வில் தவறிவிட்டாராம். இந்தத் தடவையும் தவறினால், அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் திறக்கப்போகும் புதுப் பிரிவு வேறொருவருக்குப் போய்விடுமாம். இதை என்னிடம் ஏன் சொன்னாள்? சொல்லியிருக்கவே கூடாது.

ஜோசெத் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலைச்சுற்றல், மாத்திரை, தூக்கம் என்று நிதானமாக விசாரித்தார். வேறு மருந்து உண்டா என்றார். இல்லை என்றேன். எல்லாரும் அதோடு விட்டுவிடுவார்களாம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எங்க பப்பாவும் ரெண்டு எடத்துல மருந்து சாப்டுவாரு. எங்கிட்ட மூச்சு விட மாட்டாரு. ஒரு நாளு மயங்கி விழுந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

இது பாடமா, நிஜமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் குரல் லேசாக இடறியது. பிறகு கேட்டார்:

"காலையில எழுந்ததும் மொதல்ல வாயில என்ன போடுவீங்க, ஐயா?"

அடடா, என்ன கேள்வி! மருந்தைக் கேட்காமல் காலையைக் கேட்கிறார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆதிமூலம் முந்திக்கொண்டார்.

"காப்பிதாம்மா."

சின்னப்பாப்பா அழுதது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஜோசெத் என் முகத்தையே பார்த்தார்.

"அதுக்கு முன்னாடி?"

மணி அடித்துவிட்டது.

5.

மணி அடித்தபின் நோயாளி எதையும் புதிதாகச் சொல்லக் கூடாது. ஆனால் இந்த வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வாளர் தமிழ்மாறன், டாக்டரை வைத்துக்கொண்டே நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பார். நோயாளி, நோயாளியாகவே பதில் சொல்ல வேண்டும். சூரணம் வெளியே வராதபோது பாஸா பெயிலா என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

"ஆதிமூலம், இந்த டாக்டர்கிட்ட திரும்ப வருவீங்களா?"

6.

முடிவுகள்:

(அ) வருவேன் என்கிறேன். ஜோசெத் பாஸ். எல்லாரும் டீ குடிக்கிறோம். (ஆனால் பதில் சொன்னது நான். ஆதிமூலம் இல்லை. அப்படியென்றால் அந்தச் சான்றிதழில் ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருக்கும்.)

(ஆ) வரமாட்டேன் என்கிறேன். அவர் கெட்ட டாக்டர் என்பதால் இல்லை. நல்ல டாக்டர் என்பதால். அடுத்த தடவை போனால் கண்டுபிடித்துவிடுவார் என்று ஆதிமூலத்துக்குத் தெரியும். மறைக்கிறவன் ஏமாளி டாக்டரைத்தான் தேடிப் போவான். (இது உண்மை. ஆனால் இந்த உண்மைக்கு ஜோசெத் தோற்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.)

(இ) பதில் சொல்லாமல், ஆதிமூலம் மெல்ல—

இல்லை. இதற்குமேல் என்னால் முடியாது. அன்று நான் ஏதோ ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதினால் நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள் அல்லது திட்டுவீர்கள். இரண்டிலும் உங்களுக்குச் சிரமமில்லை. சிரமம் கொஞ்சம் உங்களுக்கும் இருக்கட்டும்.

நான் எழுந்துகொள்கிறேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே ஜோசெத் மூடிய பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்கும் ஆசைதான். ஆனால் உங்கள் சட்டைப் பையில் சூரணப் பொட்டலம் இருக்கிறது. அவர் பார்வை இப்போதுதான் அங்கே போகிறது.

தமிழ்மாறன் காத்திருக்கிறார். திரும்ப வருவீங்களா?