சில சமயம் ஆகலாம்

அத்தானின் கம்ப்யூட்டரில் விளையாட்டு பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் நான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். பதினேழு வருடம் பஸ் ஓட்டியவர். போன வருடக் கடைசியில் ஒரு காலை பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. பக்கவாதம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, வலது கை மட்டும் முரண்டு பிடித்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் யார் வீட்டுப் பிள்ளைகளோ என்பது போல இருந்தன. பஸ் கம்பெனி ஒரு தேதி கொடுத்திருந்தது. அன்று அவர்களுடைய டாக்டர் முன்னால் ஒரு கருவியின் பிடியை அமுக்கிக் காட்ட வேண்டும். முள் இருபத்தாறு கிலோவைத் தொட்டால் மறுபடி ஸ்டியரிங். தொடாவிட்டால் அவர்கள் முடிவு.

விளையாட்டு என் யோசனை. நான் கம்ப்யூட்டர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். இரவில் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறேன், பகலில் தூங்குகிறேன். வீட்டில் எனக்கு ஆந்தை என்று பெயர். படிப்பை முடிக்காவிட்டாலும் பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரியும். பழைய பாகங்களைச் சேர்த்து அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தேன். பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, யாரோ விற்ற ஸ்டியரிங்கையும் பெடலையும் மேஜையில் பொருத்தினேன். பிசியோதெரபி செய்யும் பெண் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றாள். சனிக்கிழமைதோறும் அவளும் ஒரு கருவியில் அவர் பிடியை அளப்பாள். பதினான்கில் ஆரம்பித்தது இரண்டு மாதத்தில் இருபத்து நான்குக்கு வந்தது. என்னால் உருப்பட்ட காரியம் என்று அக்கா நாலு பேரிடம் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

அத்தான் விளையாட்டையும் வேலை மாதிரிதான் செய்தார். ஒரு நோட்டில் கோடு போட்டு டிரிப் ஷீட் வைத்திருந்தார். கிளம்பிய நேரம், வந்த நேரம், வழித்தடம், குறிப்பு. குறிப்பில் பெரும்பாலும் 'இல்லை' என்று இருக்கும். டிப்போவில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாதாம்.

இந்தச் சமயத்தில் என் சொந்தக் கம்ப்யூட்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. சோதித்துப் பார்த்ததில், நினைவகமான இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்று கெட்டிருந்தது. திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக இறங்கின. முழுக்கக் கெடவில்லை. கடைசிப் பகுதியில் கொஞ்சம் இடம் மட்டும். அத்தானின் பெட்டியில் இருந்ததும் அதே கம்பெனி, அதே அளவு, அதே நீலப் பட்டை. அவருடைய விளையாட்டு அந்தக் கடைசிப் பகுதிவரை போகவே போகாது என்று ஒரு கணக்குப் போட்டேன். படித்து முடித்தவன் இப்படி ஒரு கணக்கைப் போட மாட்டான். படிக்காதவனுக்குப் போடத் தெரியாது. பாதியில் விட்டவனுக்குத்தான் இது வரும்.

தூசி துடைக்கிறேன் என்று போனேன். மேஜைக்கு அடியில் இருட்டாக இருந்தது. அத்தான் தானே குனிந்து டார்ச் பிடித்தார். வலது கையில் பிடித்தார். "பாரு மாப்ள, ஆடுதா?" என்று கேட்டார். ஆடவில்லை. அந்த ஆடாத வெளிச்சத்தில்தான் அவருடைய நல்ல ரேமைக் கழற்றி, என் கெட்டதைச் செருகினேன். புதுசு வாங்கியதும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். புதுசு வாங்கவில்லை. என் கம்ப்யூட்டர்தான் சரியாகிவிட்டதே.

மறுநாளே அக்கா போன் செய்தாள். பஸ் போய்க்கொண்டே இருக்கும்போது படம் அப்படியே உறைகிறது, சத்தம் ஒரே இடத்தில் கரகரக்கிறது, பிறகு எல்லாம் மூடிக்கொள்கிறது என்றாள். எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனாலும் போய் உட்கார்ந்து திரைக்கான டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். அன்று நாற்பது நிமிடம் ஓடியது. எனக்கு டீ கிடைத்தது. அடுத்த நாள் மறுபடி நின்றது. விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்த்தேன். அதற்கும் டீ. படத்தின் தரத்தைக் குறைத்தேன், சூட்டை அளந்தேன், முழு விளையாட்டையும் நீக்கித் திரும்ப இறக்கினேன். மூடியைக் கழற்றி அந்த ஒரு குச்சியைத் தொடுவதைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன். இவ்வளவு பாடுபடுகிறானே, தூக்கத்தையும் விட்டு, என்று அத்தான் அக்காவிடம் சொன்னாராம். அதையும் அக்கா எனக்குச் சொன்னாள்.

இரண்டாவது வாரம் அத்தான் என்னைத் தனியாகக் கேட்டார். அக்கா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் டிரிப் ஷீட்டைக் காட்டினார். குறிப்புப் பத்தியில் இப்போது எழுத்து நிறைந்திருந்தது. வலது திருப்பம், நின்றது. ஊருக்குள் நுழையும்போது வலது திருப்பம், நின்றது. திருப்பத்தில்தான் புதிய தெருக்களும் கட்டடங்களும் ஒரேயடியாக உள்ளே வரும், ரேம் நிரம்பும். அவருக்கு அது தெரியாது. திருப்பத்தில் தன் வலது கை ஸ்டியரிங்கின் மேலே போகிறது என்பதுதான் அவருக்குத் தெரியும்.

"இந்தச் சக்கரத்துல பட்டன் நிறைய இருக்கு. என் விரல் எனக்கே தெரியாம எதையாவது அமுக்குதோ? அப்படி அமுக்கினா மூடிக்குமா மாப்ள?"

"சில சமயம் ஆகலாம், அத்தான்" என்றேன்.

ரேமைத் திருடியதைவிட இது மோசம். அதை மாற்றும்போது எனக்கு ஒரு பொருள் கிடைத்தது. இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்தது தப்பித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மட்டும்தான்.

அன்றிலிருந்து அவர் விளையாடுவது குறைந்தது. நோட்டில் 'மோதிர விரல்' என்று எழுத ஆரம்பித்தார். பிறகு நோட்டும் நின்றது. சனிக்கிழமை முள் இருபத்தொன்று காட்டியது, அதற்கடுத்த சனிக்கிழமை பத்தொன்பது. பிசியோதெரபி பெண் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, வண்டவாளம் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சிரித்தாராம். மறுநாள் அக்கா போனில் இன்னொன்றும் சொன்னாள். தேர்வுக்குப் போகப்போவதில்லை, டிப்போவில் மேஜை வேலை போதும் என்று கடிதம் கொடுக்கப்போகிறார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் வந்து டைப் அடித்துத் தர வேண்டும்.

வேலை முடித்ததும் நேராக வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். அவருடைய ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று மூடியைக் கழற்றினேன். அவர் டார்ச் பிடிக்க வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஓட்டிப் பாருங்கள் என்று வற்புறுத்தி உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரம் ஓட்டினார். பதினோரு வலது திருப்பங்கள். ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் வாயைத் திறக்காமலே விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

அவர் பிரேக்கை மிதித்து பஸ்ஸை ஓரம் கட்டினார்.

"நல்லாப் பண்ணிட்ட மாப்ள. என் கை தப்புப் பண்ணாலும் கண்டுக்காத மாதிரி மாத்திட்ட. நிஜ வண்டிக்கு அப்படிப் பண்ண முடியாதே. பின்னாடி அம்பது பேரு இருப்பாங்க. நீ லெட்டர அடி."

நான் அதற்கு ஏதோ சொன்னேன். அப்படியெல்லாம் மாற்ற முடியாது, இது வேறு கோளாறு என்று. அவர் கையை அசைத்தார். தன் மனசு நோகாமல் இருக்க நான் அப்படிச் சொல்வதாக நினைத்துவிட்டார்.

அதே கம்ப்யூட்டரில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கீபோர்டை இழுத்து வைத்தேன். அவர் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். பெறுநர், பொருள், ஐயா. என் வலது கை இன்னும் சீராக இயங்காததாலும். அடித்தேன். வீட்டில் பயிற்சி செய்யும்போதே என் விரல்கள் தவறுதலாக.

"ம், அடி" என்றார்.

அந்த 'தவறுதலாக'வில் கை நின்றுவிட்டது. அக்கா டீயோடு வந்து மேஜையில் வைத்தாள். என் மூஞ்சியைப் பார்த்து, தூக்கமாடா என்று கேட்டாள். பாதி டீயைக் குடித்தேன்.

"உங்க விரல் ஒண்ணும் பண்ணல அத்தான். நான்தான் பண்ணேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எதை எடுத்தேன், எதை வைத்தேன், இன்று காலை எதைத் திருப்பி வைத்தேன். ரேம் என்றால் என்ன என்று அக்கா கேட்டாள். அதையும் விளக்க வேண்டியிருந்தது. ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளும்போது நடுவில் பாடம் நடத்துவது போன்ற கேவலம் வேறில்லை. பையிலிருந்து கெட்டதை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அத்தான் அதைத் தொடவில்லை.

"எந்தத் தேதி?"

சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துவந்து பக்கங்களைத் தள்ளினார். நான் தூசி துடைத்த நாளுக்கு நேராக 'இல்லை' இருந்தது. மறுநாளிலிருந்து 'நின்றது'. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் கேட்டப்ப ஆகலாம்னு சொன்னியே."

"ஆமா."

அக்கா என் முன்னால் இருந்த மீதி டீயை எடுத்துக்கொண்டாள். போகிற வழியில், திரும்பாமல், சொன்னாள். "பத்து நாளா இவருக்குச் சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடுறேன். ஸ்பூனக்கூட இடது கைக்கு மாத்திட்டாரு. அந்தக் கை சும்மாவே தொங்குதுடா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அடித்த கடிதத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருப்பதாகச் சொன்னார். தினமும் மத்தியானம் மூன்று மணி நேரம் ஓட்டப்போவதாகவும், அந்த மூன்று மணி நேரமும் நான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொன்னார். ஏதாவது தப்பு நடந்தால் அது கம்ப்யூட்டரா கையா என்று அந்த இடத்திலேயே தனக்குத் தெரிய வேண்டும். எப்போது தூங்குவாய் என்று கேட்கவில்லை.

தினமும் இரண்டு மணிக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நாலாவது நாள், ஒரு குறுகலான தெருவில், பஸ்ஸின் வலது முனை விளக்குக் கம்பத்தில் உரசியது. திரையில் கண்ணாடி விரிசல் விட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார், "இது யாரு?"

பொய் சொல்ல வாய் தானாகவே போனது. பழக்கம்.

"நீங்கதான் அத்தான். கை லேட்டா வந்துச்சு."

"ம்" என்றார். பின்னால் எடுத்து, மறுபடி திருப்பி, இந்த முறை ஒரு சாண் இடைவெளி விட்டுப் போனார். நோட்டில் எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: கம்பம். கை.

தேர்வன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை. டாக்டர் அறையில் நானும் நின்றேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். கழுத்து நரம்பு எழுந்தது. முள் இருபத்து மூன்றில் நின்றது. இரண்டாவது தடவை, இருபத்து மூன்றரை. டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரை மேஜை வேலை. அடுத்ததுதான் கடைசி வாய்ப்பு என்று கோப்பில் எழுதினார்.

அந்த மூன்று வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் முள் எங்கே நின்றிருக்கும் என்பதைக் கணக்குப் போட டாக்டர் தேவையில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே படி இறங்கினோம். மன்னிப்புக் கேட்க ஒரு தடவை வாயெடுத்தேன். "நட" என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டேன், பக்கத்தில் இடம் இருந்தும். ரொம்ப தூரம் அவர் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கியர இந்தப் பாடு படுத்துறான்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

இறங்கும்போது, நாளைக்கும் இரண்டு மணிக்கு வரவா என்று கேட்டேன். அவர் வலது கையால் கம்பியைப் பிடித்து, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். கீழே நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஒன்றரைக்கு வா" என்றார்.