இரண்டாவது அடி

மாதுவுக்குக் கண்ணில் புரை எடுத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. குனியக்கூடாது, அலையக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் பெங்களூரில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மகள் காவியா லேப்டாப்போடு வந்திருந்தாள். பாலக்கோட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் வீடு.

ஆராய்ச்சிக்கூடத்து மைக்ரோஸ்கோப்பை அவள் இங்கிருந்தே இணையத்தில் இயக்கினாள். உறைகுளிரில் ஒரு செம்புப் படிகம், அதன் மேல் இரண்டு இரும்பு அணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு காந்தம். அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் அடியிலிருக்கும் செம்பின் எலக்ட்ரான்கள் வழியாக ஒன்றின் திசை மற்றதை எட்டும். ஓர் இடைவெளியில் இரண்டும் ஒரே பக்கம் திரும்பி நிற்கும். கொஞ்சம் நகர்த்திவிட்டால் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும். எந்த இடைவெளியில் மாறுகிறது என்று அளப்பதில் அவளுக்கு நான்கு வருடம் போயிருந்தது. நகர்த்துவதற்கு, மைக்ரோஸ்கோப்பின் ஊசிமுனையை அணுவின் தலைக்கு மேல் இறக்கி, இழுத்து, உடனே தூக்கிவிட வேண்டும்.

அன்று காலை பத்தரை மணிக்கு ஊசிமுனை இறங்கியிருந்தபோதுதான் கிணற்றுப் பக்கமிருந்து அம்மா பெரியம்மாளின் அலறல் கேட்டது.

கிணறு இரண்டு குடும்பத்துக்கும் பொது. மாதுவின் அண்ணன் மகன் முனிராஜ் தண்ணீர் பாய்ச்சும் முறை காலை ஆறு மணியோடு முடிந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மாது கறுப்புக் கண்ணாடியோடு போய், பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் இல்லாமல் செடியில் பூ எல்லாம் கொட்டிப்போகிறது, இன்னும் ஒரு மணி நேரம் விடு என்று முனிராஜ் கெஞ்சியிருக்கிறான். இவர் மறுத்திருக்கிறார். அங்கே கிடந்த இரும்புப் பைப்பை அவன் எடுத்தான்.

காவியா ஓடி வந்தபோது அப்பா வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். காதோரம் கிழிந்து ரத்தம் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. முனிராஜ் மறுபடி பைப்பை ஓங்கினான். காவியா வரப்பில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து, திருப்பிப் பிடித்து, அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். பைப் தெறித்து விழுந்தது. அவன் திரும்பினான். வெறும் கைகளை முகத்துக்கு முன்னால் தூக்கினான்.

"வேணாம் காவியா. வுட்டுடு."

அவள் மறுபடி அடித்தாள். முன்கை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் தொங்கியது. அவன் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். மூன்றாவது முறை ஓங்கியபோது பெரியம்மாள் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாதுவுக்குப் பதினொரு தையல். வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரரிடம், மண்வெட்டியால் அடித்தது தான்தான் என்று அவர் சொன்னார். அடுத்த மாதம் காவியா வேலைக்கு ஜெர்மனி போக வேண்டும். அதற்குப் போலீஸ் சான்று வேண்டும். அவள் வாயைத் திறக்கப் போனபோது பெரியம்மாள் அவள் மணிக்கட்டை நகம் பதிய அழுத்தினாள்.

அன்று மாலை, ஆராய்ச்சிக்கூடத்தில் உடன் வேலை செய்யும் இளம்பரிதி போன் செய்தான். ஊசிமுனை படிகத்தில் இடித்துவிட்டது, இரண்டு அணுவும் போய்விட்டன, ஆனால் அதுவரை எடுத்த அளவுகள் பத்திரம், எதிர்ப்பக்கம் திரும்புகிற இடம் அதில் தெளிவாக இருக்கிறது என்றான். அதற்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தாள். சரி என்று போனை வைத்தாள்.

மூன்றாம் நாள் தனியாக பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ. ஒரு பெண். முழுவதையும் கேட்டுவிட்டு, அப்பாவைக் காப்பாற்ற அடித்தேன் என்று எழுதினால் போதும், பெரிதாக ஒன்றும் வராது என்றார்.

"மொத அடி அதுக்குதாங்க," என்றாள் காவியா. "ரெண்டாவது அடிக்கறப்ப அண்ணன் கையில ஒண்ணும் இல்லீங்க. வேணாம்னு சொன்னாரு. தெரிஞ்சுதான் அடிச்சேன்."

எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார்.

முனிராஜ் மேல் ஒரு வழக்கு, காவியா மேல் ஒரு வழக்கு. ஜெர்மனி வேலை வேறொருவருக்குப் போனது. படிப்பை அவள் முடித்தாள். முனிராஜின் கைக்குள் தகடு வைத்தார்கள். ஆனாலும் இரண்டு விரல் மடங்கவில்லை. தன்னைப் பொய்யனாக்கிவிட்டாள் என்று மாது மகளிடம் இரண்டு மாதம் பேசவில்லை.

முதல் வாய்தா அன்று கோர்ட்டு வராந்தாவில் முனிராஜின் மனைவி சுகுணா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று காவியா நினைத்தாள்.

"பைப்புதான் கீழ விழுந்துட்டுதே," என்றாள் சுகுணா. குரல் உயரவில்லை. "அப்புறம் எதுக்கு அடிச்ச?"

ஆறு மாதமாகத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

"தெரியல அண்ணி."

சுகுணா, மடங்காத விரல்களோடு சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்த கணவனிடம் போய் அதைப் போட்டுவிட்டாள்.