மூடி உட்காராத ஜாடிகள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்புச் சத்தத்திலிருந்து வந்தது. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பீங்கான் கம்பெனி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எந்நேரமும் ஙொய்யென்று கத்தும் மிஷின் சட்டென்று நின்றது. பிறகு இரண்டு பெண்கள் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். எதற்கு என்று எட்டிப் பார்த்துக் கேட்க எனக்குக் கூச்சம். காரணத்தை நானே செய்துகொள்வது சுலபமாக இருந்தது.

2

முதல் வரி: "சூளையின் செந்தழல் பூங்கோதையின் கன்னத்தில்..."

வேண்டாம். இப்போது கேஸ் சூளை. இரும்புக் கதவு போட்டால் தழல் வெளியே தெரியாது.

இன்னொன்று: "பூங்கோதைக்கு வேலை போகப்போகிறது."

இது பரவாயில்லை. பூங்கோதை அச்சில் மண்கூழை ஊற்றி மூடிகள் செய்து காய வைப்பவள். கொஞ்ச நாளாக ஊறுகாய் ஜாடிகளில் மூடி உட்கார மறுக்கிறது. ஜாடி வட்டம், மூடி நீள்வட்டம். மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். அதனால் இந்த ஊரில் எது கோணினாலும் பழி முதலில் மண்ணுக்கு, அப்புறம் அதைக் காய வைத்தவளுக்கு.

"என்னாம்மா பூங்கோதை, நான் மூடி கேட்டா நீ முட்டை போட்டுக் குடுக்கற?" என்றார் முதலாளி கோதண்டபாணி. "இந்த லோடும் இப்பிடியே வந்தா அப்பறம் வேலைக்கு வராத."

(இவரை வில்லனாக்க முயன்றேன். பெரிய மீசை வைத்தேன். அடுத்த பக்கத்திலேயே எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார். விட்டுவிட்டேன்.)

3

முதலில் மூடியின் மாதிரியைப் பலகையில் வெட்டி எடுக்க வேண்டும். அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து மூடி. பலகையை வெட்டுவது கம்ப்யூட்டர் சொல்படி நகரும் சிஎன்சி ரூட்டர். அதை ஓட்டுபவள் மஹிரா, மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள்.

(மஹிரா மேல் எனக்குச் சந்தேகம். எதற்கும் பயப்படாதவளாக எழுதிவிட்டேன். பல்லிக்குப் பயப்பட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பல்லியை அடித்துவிட்டேன், பேனாவால்தான்.)

சாப்பாட்டு நேரம். கை கழுவப் போன பூங்கோதை வளையலைக் கழற்றி, அந்த மர மாதிரியில் மாட்டி வைக்கப் பார்த்தாள். ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் இடைவெளி.

மஹிரா சோற்றுக் கையோடு எழுந்து வந்தாள். "அக்கா, மண்ணு சுருங்கும். பலகை எதுக்குக்கா கோணிக்குது?"

"எம் மூஞ்சியப் பாத்திருக்கும்."

"யா அல்லா! எம் மிஷினுதான்க்கா!"

பிள்ளை பிறந்த சேதி சொல்வதுபோல அதைச் சொன்னாள்.

4

இனி மிஷின். (ஜன்னல் வழியாக ஒரு தரம் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.) வெட்டும் தலையை ஒவ்வொரு திசைக்கும் ஒரு மோட்டார் நகர்த்துகிறது; ஒரு திசை மட்டும் பிசகினால் வட்டம் முட்டையாகிவிடும். மோட்டாரையும் நீளமான திருகுக் கம்பியையும் சேர்த்துப் பிடிப்பது கப்ளிங். மோட்டார் இறுக்கிப் பிடித்து நிற்கும்போதே மஹிரா அந்த வெட்டும் தலையைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். முன்னும் பின்னும் அசையவில்லை. பக்கவாட்டில், டக். டக்.

"பல்லு ஆடற மாதிரி ஆடுதுக்கா."

"புடுங்கப் போறியா?"

"முடுக்கப் போறேன்."

கரண்டை நிறுத்தி, கப்ளிங்கில் லூசாகிக் கிடந்த ஸ்குருவை அலன் கீயால் முடுக்கினாள். புதுப் பலகையில் புது வட்டம். வளையலை வைத்தார்கள்.

முட்டை. முன்னதைவிடக் கொஞ்சம் சின்ன முட்டை.

"இன்னும் ரெண்டு வெட்டுனா குஞ்சே பொரிச்சிரும்," என்றாள் பூங்கோதை.

ஈர மூடியின் விளிம்பைத் துடைக்கும் பிரஷ்ஷை எடுத்துவந்து, கப்ளிங்கின் அடியில் அடைந்திருந்த மரத்தூளைத் தள்ளினாள். உள்ளே இன்னொரு ஸ்குரு ஒளிந்திருந்தது. அதுவும் லூசு.

மூன்றாவது வட்டத்தில் வளையல் எந்தப் பக்கமும் இடிக்காமல் இறங்கியது. அப்போதுதான் மிஷினை நிறுத்திவிட்டு இருவரும் அப்படிச் சிரித்தார்கள்.

கோதண்டபாணி ஓடி வந்தார். "என்னா, என்னா ஆச்சு?"

"முட்டை போட்டது அக்கா இல்ல சார். நானும் மிஷினும்."

"அப்ப இந்தம்மாவ நான் எதுக்குத் திட்டுனேன்?"

"அத நீங்கதான் சார் சொல்லணும்," என்றாள் பூங்கோதை.

அவர் காதைச் சொறிந்தார். "மொதல்ல சுட்டு எடுங்க. மூடி உக்காரட்டும், பேசிக்கலாம்."

5

புது அச்சு செய்தது, ஊற்றியது, காய வைத்தது எல்லாவற்றையும் தாண்டுகிறேன். முடிவுதான் படுத்துகிறது.

முடிவு அ: மூடி உட்காருகிறது, முதலாளி மன்னிப்புக் கேட்கிறார். (கேட்க மாட்டார். டீயோடு வடையும் சொல்வார்.)

முடிவு ஆ: உட்காரவில்லை. மிஷினோடு சேர்ந்து பூங்கோதையின் கையும் தப்பு செய்திருக்கிறது. அவள் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வரை...

இல்லை. இதை என்னால் எழுத முடியாது.

சூளை திறந்தாயிற்று. மேசைமேல் ஜாடி. பக்கத்தில் மூடி, இன்னும் இளஞ்சூடு.

"நீ வைடி," என்று பூங்கோதை கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

"அய்யோ, நீங்க வைங்கக்கா."

"சார்?"

"எனக்குக் கைராசி கெடையாதும்மா," என்கிறார் கோதண்டபாணி.

மூவரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். மூடியின் குமிழைப் பிடியுங்கள். அழுத்தாதீர்கள், அதன் கனத்துக்கே விடுங்கள்.