கூடாது

கோப்பாய் பஞ்சலிங்கம் பேப்பர் விமர்சனத்தில் ‘கூடாது’ என்று எழுதிய படத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்க்க முடியாது. ஒருவர் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. இரண்டாவது ஆள் உள்ளே வந்து கதிரையில் இருந்த கையோடு, தான் வெளியே சைக்கிள்கள் விடுகிற இடத்தில் ரிக்கெற்றும் கையுமாக நிற்பதைக் காண்பார். காயம் கீயம் ஒன்றும் வராது. யாழ்ப்பாணத்தில் ஒன்றைக் கூடாது என்றால் அது நல்லாயில்லை, தரமில்லை, அவ்வளவுதான். மீன் கூடாது என்பார்கள், மாப்பிள்ளை கூடாது என்பார்கள். பஞ்சலிங்கமும் அந்தக் கருத்தில்தான் எழுதினார். படங்கள்தான் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, தங்களுக்கு முன்னால் சனம் கூடாது என்று எடுத்துவிட்டன. படங்களுக்கு மூளை மட்டு என்பதில் பஞ்சலிங்கத்துக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

முதலில் அகப்பட்டது பொங்கலுக்கு வந்த ஒரு சென்னைப் படம். கதாநாயகன் ஒரு உதையில் ஏழெட்டுக் கார்களைக் கவிழ்க்கிற வகைப் படம். கோதாரி விழுந்த படம், கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பஞ்சலிங்கம் எழுதினார். அன்று பின்னேரமே, விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டர் முழுவதும் சைக்கிள்களுக்கு நடுவில் வந்து நின்றது. உள்ளே குருநகரிலிருந்து வந்த, மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார் மட்டும் மிஞ்சினார், அவரும் நித்திரை. ஊரடங்கையும் ஷெல்லடியையும் கண்ட தியேட்டர் முதலாளி இதை ஒரு கரண்ட் வெட்டுப்போல எடுத்துக்கொண்டு அடுத்த நாள் வேறு படம் போட்டார்.

பஞ்சலிங்கம் கோப்பாய்ச் சந்தியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவர். அந்தக் கை படங்களுக்கும் அளந்துதான் ஊற்றியது. ஆனால் சென்னைப் படங்களைவிட அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது வருசாவருசம் நடக்கிற திரைப்பட விழாதான். பெரிய கண்டறியாத விழா. எப்போதும் அதே முப்பது பேர், அதே துணிப்பை, கழுத்தில் அதே அட்டை. பனைமரம் ஆடுவதை ஐந்து நிமிசம் காட்டிவிட்டு அதற்கு மௌனம் என்று பெயர் வைப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து வருகிறவன் ட்ரோனைப் பறக்கவிட்டு, தன் பெரியப்பாவின் வளவை மேலே இருந்து எடுத்து, அதற்குக் கீழே வயலின் வாசிப்பான். படம் முடிந்ததும் ஒருவர் எழும்பிக் கேள்வி கேட்பார், அந்தக் கேள்வி படத்தைவிட நீளம். எல்லாம் சனத்தைப் பேய்க்காட்டுற வேலை என்று பஞ்சலிங்கம் எழுதுவார், முடிவில் அந்தச் சொல்லையும் போடுவார். விழா நடத்துகிற சுபாஸ்கரன், அண்ணை, சுமார் என்றாவது எழுதுங்கோவன் என்று கடைக்கே வந்து கெஞ்சிப் பார்த்தான். சுமாரான படத்தைக் கொண்டுவா, எழுதுகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

போகப்போக அவருக்கு முழுப்படம் பார்க்கிற பொறுமையும் போய்விட்டது. கடையில் ஆளில்லாத நேரம் போனில் முன்னோட்டத்தைப் பார்ப்பார், ஒரு சோற்றைப் பதம் பார்க்கிற நேரம் போதும், எழுதிவிடுவார். இந்தமுறை ஜெயசுதன் என்ற பெடியன் எடுத்து விழாவுக்குக் கொடுத்த படத்துக்கும் அதுதான் நடந்தது. இராணுவம் விட்டுக்கொடுத்த மயிலிட்டிக் காணிக்குத் திரும்பி வருகிற ஒரு பெண்ணின் கதை. பஞ்சலிங்கம் இப்படி எழுதினார்: “கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிசி நிற்கிறா. ஆரின்ரை மனிசியோ தெரியாது, குத்தி வைத்த மரக்கட்டை மாதிரி நிற்கிறா. படம் கூடாது.”

அது அவருடைய மனிசி. குணலட்சுமி பிறந்தது மயிலிட்டிப் பக்கம். காணி பார்க்கப் போன இடத்தில் ஜெயசுதன் கண்டு, அம்மா ஒருக்கா தண்ணி அள்ளிக் காட்டுங்கோ என்று கேட்டிருக்கிறான். காங்கேசன்துறையில் ஒன்றுவிட்ட அக்கா அருமைநாயகியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் நடித்துவிட்டு வந்தார். கலியாணம் கட்டிய காலம் முதல் மனைவியை ஒரு படத்துக்கும் கூட்டிப்போகாத மனிசன் பஞ்சலிங்கம். உனக்குப் படம் விளங்காது, கண்டதுக்கெல்லாம் அழுவாய் என்பார். அந்த வாயை ஒருநாளாவது திறந்தபடி பார்க்கவேண்டும் என்று குணலட்சுமிக்கு ஆசை. பஞ்சலிங்கம் எழுதினது வெளிவந்தது குணலட்சுமிக்குத் தெரியாது. இஞ்சாருங்கோ, சனிக்கிழமை நானும் விழாவுக்கு வாறன், எனக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கோ என்று மட்டும் கேட்டார். பஞ்சலிங்கம் அதிசயப்பட்டுத் தலையாட்டினார்.

சனிக்கிழமை படம் தொடங்கியதும் முப்பது பேரும் பஞ்சலிங்கமும் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றார்கள். உள்ளே குணலட்சுமி மட்டும், நல்ல சேலை கட்டி, பக்கத்தில் வெறுங்கதிரையோடு. இந்த மனிசிக்கு என்ன கோதாரிக்கு இந்தப் படம் என்று பஞ்சலிங்கம் முணுமுணுத்தபோதுதான் சுபாஸ்கரன் சொன்னான். “அண்ணை, அந்தக் கிணத்தடி மனிசி உங்கடை மனிசி.” குணலட்சுமி முழுப்படத்தையும் பார்த்து முடித்து, வெளியே வந்து, யாரோ போனில் காட்டிய அந்த விமர்சனத்தை வாசித்துவிட்டு, அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

“முப்பது வருசமாய் உங்களுக்கு முன்னாலை அடுப்படியிலை நிக்கிற முதுகு. அதுகூடத் தெரியேல்லையோ?”

பிறகு பஸ் ஏறித் தனியே போய்விட்டார். வீட்டில் சாப்பாடு வந்தது, தேத்தண்ணி வந்தது, மனிசியிடமிருந்து கதை பேச்சு வரவில்லை. பஞ்சலிங்கம் அந்தரப்பட்டுத் திரிந்தார். எழுதியதை மாற்றி, படம் நல்லது, அருமை என்றெல்லாம் போட்டுப் பார்த்தார். படம் அசையவில்லை. பொய்யை அது எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. கடைசியில் வெட்கத்தை விட்டு ஜெயசுதனின் வீட்டுக்குப் போய், அறையில் தனிய இருந்து முழுப்படத்தையும் பார்த்தார்.

சிக்கல் என்னவென்றால், படம் உண்மையிலேயே கூடாது. பனை ஆடியது, ட்ரோன் பறந்தது, வயலின் அழுதது. ஆனால் நடுவில் குணலட்சுமி கிணற்றடிக்கு வந்தார். தண்ணீர் அள்ளினார், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். பிறகு திரும்பி, வீடு இருந்த வெறுமையை, அதை இடித்தவர்களை, அதைப் படமெடுக்க வந்தவர்களை, எல்லாரையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார். பஞ்சலிங்கம் இவ்வளவு காலம் எழுதிக் கொட்டிய இளக்காரமெல்லாம் அந்தப் பார்வைக்குக் கால்தூசு. கண்டதுக்கெல்லாம் அழாத மனிசன் ஜெயசுதனின் மேசையில் தலைவைத்து அழுதார். அன்று இரண்டே வசனம் எழுதினார்: “படம் கூடாது. மனிசி திறம்.”

அடுத்தமுறை படத்தைப் போட்டபோது பஞ்சலிங்கம் முன்வரிசையில் தனிய இருந்தார். அந்த இரண்டு வசனத்தை வாசித்துவிட்டு வந்த குணலட்சுமியும் மற்றவர்களும் வெளியே. கிணற்றடி வந்ததுதான் தாமதம், ‘மனிசி திறம்’ என்றதை மட்டும் படம் நம்பியதுபோல, வெளியே நின்ற சனமெல்லாம் கதிரைகளில் இருக்க மண்டபம் நிறைந்துவிட்டது. பக்கத்துக் கதிரையில் குணலட்சுமி. திரையைப் பார்த்தபடியே, “இப்ப சொல்லுங்கோ, ஆரின்ரை மனிசி?” என்று கேட்டார். பஞ்சலிங்கம் வாயைத் திறக்க, கிணற்றடிக் கட்டம் முடிந்துவிட்டது. “என்ரை மனிசி” என்ற மறுமொழியை அவர் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று சொல்லவேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற சனமெல்லாம் கேட்டது. முதலில் வந்து இருந்தவர் அவர்தான் என்றாலும், இந்தமுறை படம் உள்ளே மிஞ்சவிட்டது குணலட்சுமியைத்தான். கணவர் வெயிலில் காயட்டும் என்று மிச்சப் படத்தையும் ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார். வந்து, வாங்கோ போவம் என்றார்.

இப்போது அந்தப் படத்தை வருசத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். முதல் பாதிக்கு ஒருவரும் உள்ளே போவதில்லை, வெளியே வேம்பின்கீழ் நின்று வடையும் தேத்தண்ணியுமாகக் கதைப்பார்கள். கட்டம் வந்தால் எப்படியும் கதிரையில் இருப்போம் என்று எல்லாருக்கும் தெரியும். சிலர் பாதிக் கோப்பையோடு போய் இருந்து, குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். குணலட்சுமி மட்டும் நேரத்தோடு கோப்பையை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பஞ்சலிங்கத்தையும் வாயைத் துடைக்கச் சொல்லுவார்.