கொசுவின் மேல் போட்ட பழி

போகோஸ்தா காய்ச்சல் வராத வீடு அந்தக் காட்டுப் பக்கத்தில் கிடையாது. கொசு கடிக்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். அதனால், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தூவிக்குக் காலையில் விரல்களை மடக்க முடியாமல் போனபோது, வியாதியின் பெயரை அவளே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டாள். ரத்தப் பரிசோதனையும் ஆமாம் என்றது.

ஹெல்சிங்கியிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் ஈடா மட்டும் நம்பவில்லை.

“இந்த வருஷம் தடிப்பு வந்துச்சா?”

“இல்ல. அது முன்னாடி ஒரு தடவ வந்தப்போ.”

“அப்ப வந்ததோட தடயம் ரத்தத்துல வருஷக்கணக்கா இருக்கும் தூவி. இப்போ வலிக்கறதுக்கும் அதுதான் காரணம்னு எப்படிச் சொல்றது? சாக்ஸக் கழட்டுங்க.”

பாதத்தின் முன்பக்கத்தை டாக்டர் அழுத்தியதும் தூவி அலறினாள். பூட்ஸ்தான் கடிக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“முடக்குவாதமா இருக்கலாம். இன்னும் சில சோதனை செய்யணும்.”

தூவிக்குச் சுருக்கென்றது. ஆயுசுக்கும் மாத்திரை தின்ன வைக்கப் பார்க்கிறாளோ இவள்?

வீட்டில் கணவன் ராய்மோவின் சந்தேகம் வேறு. “எனக்கும்தான் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. படுத்தேனா நான்? உருளைக்கிழங்கு தோண்டலையா? உனக்கு வேலைக்குப் போக வலிக்குது.”

“ஆமாய்யா, நடிக்கிறேன். பரிசு குடு.”

பனிக்காலம் முழுக்க அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாமல் பஸ் பனிமேட்டில் போய்ச் செருகியது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் பயந்துபோய் டாக்டர் ஈடாவிடமே திரும்பிப் போனாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். விரல் கணு எலும்பின் ஓரம் எலி கடித்தாற்போல் இருந்தது.

“இது வேற யாரோட கையோ!”

“மோதிர விரலப் பாருங்க.”

சின்ன வயதில் சறுக்குவண்டியில் ஒடிந்து கோணலாகக் கூடிய விரல். அவளுடையதேதான்.

“அந்தக் காய்ச்சல் மூட்ட நோகடிக்கும். எலும்ப இப்படி அரிக்காது. ரத்தத்துலயும் முடக்குவாதத்துக்கான அடையாளம் பலமா இருக்கு.”

“முன்னாடியே வந்திருந்தா?”

“இவ்வளவு அரிச்சிருக்காது,” என்றார் டாக்டர், ஒளிக்காமல்.

அந்த நேர்மைதான் அவளை மாத்திரை விழுங்க வைத்தது. ஏரிப் பனி உடையும் நாட்களில் அவளால் கையை மூட முடிந்தது, முழுக்க இல்லாவிட்டாலும்.

ராய்மோ மன்னிப்புக் கேட்கிற ஆளில்லை. ஒரு காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வலி எப்படியிருக்கு?” என்றான்.

தூவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன வேணும் உனக்கு?”