ஓர் அச்சுக்கு ஒரு கதிரை

“அசையாதை, ஜெயனி. பூசையிலை இருக்கிற மாதிரி இரு.”

“பூசையிலை நான் எப்ப அசையாமல் இருந்தனான்?”

“அப்ப பிள்ளையையாவது அசையாமல் இருக்கச் சொல்லு. இது உங்கள் ரெண்டு பேருக்குமான கதிரை. இதை விக்கமாட்டன்.”

போன வருடம், குருநகரில் வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையில், ஜெரிசன் அப்படித்தான் சொன்னான். களி கலந்த ஈரமண்ணில் மனைவியைச் சாய்ந்திருக்கவைத்து அச்செடுப்பது அவன் பல கதிரைகளை வெடிக்கவிட்டுக் கண்டுபிடித்த வழி. மண் நன்றாகக் காய்ந்ததும் மேலே ஒரு மண்மூடி. இடையில் விட்ட விரல் தடிப்பு வெளிக்குள், பழைய போட் எஞ்சின்களை உருக்கிய அலுமினியத்தை ஊற்றுவான். கதிரையை வெளியே எடுக்க அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு கதிரைதான்.

அந்த முறை ஜெயனிக்கு ஏழாம் மாதம். பாரம் தாங்காமல் பின்னால் சரிந்து, இடது கையை மண்ணில் ஊன்றி இருந்தாள். அவ்வளவும் உலோகத்தில் விழுந்தது. அடுத்த மாதம் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது.

அவள் ஆஸ்பத்திரியால் வந்தபோது கதிரை விறாந்தையில் இருந்தது. ஜெரிசன் அதை அரத்தால் தேய்த்து மினுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அழத் தெரிந்த விதம் அதுதான் என்று நினைத்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். பிறகு அவள் அதைச் சீலையால் மூடிவைப்பாள், அவன் எடுத்துவிடுவான். இருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

இன்று காலை கொழும்பிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்தார். மற்றக் கதிரைகளையெல்லாம் தாண்டிப்போய் அதில்தான் சாய்ந்தார். ஆளை அணைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதையும், அதே சாய்வில் இன்னும் சிலவற்றையும் கேட்டார். தேநீர்த் தட்டோடு ஜெயனி வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஜெரிசன் ஓம் என்றான்.

வாகனம் போனதும் மண்ணைக் குழைத்தான். பிறகு அறைக்குள் போய், ஒரு தலகணியோடும், தான் உடுக்கிற சாரமொன்றோடும் வந்தான்.

“இப்ப நீ மெலிஞ்சு போனாய். சும்மா இருந்தால் அந்தச் சாய்வு வராது,” என்றான், அவள் முகத்தைப் பாராமல். “இதை வயித்திலை கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இரு.”

ஜெயனி தலகணியை வாங்கினாள். உறையின் சுருக்கத்தை நீவிவிட்டு, விறாந்தைக்குப் போய் அந்தக் கதிரையில் அதை வைத்தாள். பட்டறையில் காலையில் மூட்டிய உலை இன்னும் சிவந்திருந்தது.

“இஞ்சாருங்கோ, ஆஸ்பத்திரியாலை வந்த நாளிலையிருந்து கேக்க நினைச்சனான்,” என்றாள். “இந்தக் கதிரையை உருக்கிப் போடுங்கோ.”